உங்களுக்குத் தெரியுமா? சீனத்துப் பச்சைத் தட்டுகள்

சீனப் பீங்கான் என்றதும் நம் மனதில் வருவது வெள்ளைத் தட்டில் நீலப் பூ. அந்த நீலம் சந்தையைப் பிடிப்பதற்கு முன் பல நூற்றாண்டுகள் கடல்வழி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தது பச்சை. அருங்காட்சியகங்களில் ‘செலடான்’ என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கும் தட்டுகள்தான் அவை. கண்ணாடிப் பெட்டியருகே வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வெறும் பச்சைத் தட்டு” என்று நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் அதற்குள் மீன் நீந்துவது தெரியும், டிராகன் சுருண்டிருப்பது தெரியும், பியோனிப் பூ விரிந்திருப்பதும் தெரியும்.

✦

அந்தப் பச்சை நிறம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? இரும்பிலிருந்து! செங்கல்லைச் சிவக்க வைக்கிறதே, அதே இரும்பு. மெருகுப் பூச்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு ஆக்ஸைடு இருந்தால் போதும். மீதி வேலை நெருப்பினுடையது. சூளைக்குள் காற்றைத் தாராளமாக விட்டால் பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ வரும். காற்று போகும் வழிகளை அடைத்து, விறகைத் திணித்துப் புகைய விட்டால் உள்ளே கார்பன் மோனாக்ஸைடு பெருகும். அது இரும்பிடமிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போதுதான் பச்சை பிறக்கும். வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில், தீயின் நிறத்தைப் பார்த்தே இதையெல்லாம் கணித்தார்கள்.

வடசீனப் பச்சை இலைப்பழுப்பு கலந்தும், தென்சீனப் பச்சை நீலம் கலந்தும் இருப்பதற்கு ஒரு காரணம், பூச்சில் கலந்திருக்கும் டைட்டானியம். அது கூடினால் பச்சை மஞ்சள் பக்கம் சாயும்.

✦

செம்பைச் சேர்த்தாலும் பச்சை வரும். ஆனால் அது வேறு சாதிப் பச்சை. கி.பி. 830 வாக்கில் இந்தோனேசியாவின் பெலிட்டுங் தீவருகே மூழ்கிய அரபுப் பாணிக் கப்பலில் சுமார் 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன. வெள்ளைத் தட்டில் செம்புப் பச்சையைத் தெளித்த பாண்டங்களும், இரும்புப் பச்சை பூசிய யுவே சூளைப் பாண்டங்களும் ஒரே கப்பலில் கிடைத்தன. சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். தெளித்த பச்சை விளையாட்டுப் பிள்ளை மாதிரிக் கண்ணைப் பறிக்கும். நின்று பார்க்க வைப்பது மற்றதுதான்.

✦

சரி, ஒரே நிறத்தில் இருக்கும் தட்டில் பூவேலை எப்படித் தெரிகிறது? தூரிகையே தொடாத தட்டு அது. ஈரம் சற்றுக் காய்ந்த மண்ணில் குயவர் கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் செதுக்குவார். கோட்டின் ஒரு கரை செங்குத்தாக இறங்கும், மறு கரை சரிவாக ஏறும். அதன் மேல் பூச்சைப் பூசிச் சுடும்போது அது உருகி ஓடிப் பள்ளத்தில் தேங்கும். தேங்கிய இடத்தில் பூச்சின் கனம் கூடி நிறமும் கூடுகிறது. மேடான இடத்தில் பூச்சு மெலிந்து வெளிறிப்போகிறது. சரிவான கரை இருப்பதால் கரும்பச்சை மெல்ல மெல்ல வெளிர்ப்பச்சையாக மாறிக்கொண்டே போகும். ஒரே பூச்சு, ஒரே சுடல். இதழின் நிழலும் வெளிச்சமும் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

அதனால்தான் இந்தத் தட்டுகளை நேர் எதிரே நின்று பார்ப்பது வீண். புகைப்படத்தில் பார்ப்பது அதைவிட வீண். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வேண்டும்.

✦

செதுக்குவதில் பேர்போன இடம் வடசீனத்து ஷான்சி மாநிலத்தின் யாவ்ஜோ சூளைகள். இன்றைய டோங்சுவான் நகரப் பகுதி. ஆலிவ்காய்ப் பச்சையில் பியோனி, தாமரை, அலை, அலைக்குள் மீன், பூக்கொடிகளுக்கு நடுவே உருண்டு விளையாடும் குண்டுக் குழந்தைகள் என்று அவர்கள் செதுக்காதது குறைவு. குழந்தை உருவம், வீட்டில் பிள்ளைச் செல்வம் பெருக வேண்டும் என்ற வாழ்த்து. இந்தக் குயவர்கள் சூளைத் தெய்வத்துக்கு 1084-ஆம் ஆண்டு நட்ட கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அரசவையே அந்தத் தெய்வத்துக்குப் பட்டம் கொடுத்த செய்தியும், தங்கள் பாண்டங்களின் பெருமையும் அதில் பொறித்திருக்கின்றன.

விற்பனை பெருகியதும் கையால் செதுக்கிக் கட்டுப்படியாகவில்லை. சுடுமண்ணில் அச்சு செய்து, அதன் மேல் பச்சைமண் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தினார்கள். கிண்ணத்தின் உட்புறம் முழுக்க ஒரே அழுத்தில் பூவேலை! விறகு தட்டுப்பாடாக இருந்த வடக்கில் இவர்கள் நிலக்கரி போட்டுச் சுட்டார்கள் என்பது இன்னொரு செய்தி.

✦

தெற்கே ஜெஜியாங் மாநிலத்தின் மலைப்பகுதியில் லோங்சுவான். பச்சைத் தட்டின் தலைநகர் என்றால் இதுதான். சோங், யுவான், மிங் என்று மூன்று அரச மரபுகளின் காலத்திலும் இங்கே சூளைகள் எரிந்தன. சுட்ட சரக்கு ஓவ் ஆற்றில் படகேறி வென்ஜோ துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து உலகத்துக்குப் போனது.

இங்கே ஒரு வேடிக்கை. தென் சோங் காலத்தில் (1127–1279) லோங்சுவான் குயவர்கள் பூச்சை ஒரு தடவை பூசி நிறுத்தாமல், காயக் காய அடுக்கடுக்காகப் பூசினார்கள். பூச்சுக்குள் நுண்ணிய குமிழிகளும் கரையாத துகள்களும் நின்று வெளிச்சத்தைச் சிதறடித்தன. கண்ணாடி போலப் பளபளக்காமல், பச்சை மாணிக்கக்கல்லான ‘ஜேட்’ போல மங்கிய, கனிந்த ஒளி வந்தது. சீனர்கள் பொன்னைவிட மேலாக மதித்தது ஜேட் கல்லை. அந்த ஒளி கைக்கு வந்தபோது பூவேலை போய்விட்டது. அவ்வளவு கனமான பூச்சுக்கு அடியில் மெல்லிய செதுக்கல் எதுவும் தெரியாது. வெளிப்புறத்தில் தடித்த தாமரை இதழ்களை மட்டும் செதுக்கி நிறுத்திக்கொண்டார்கள். இந்தக் காலத்துப் பாண்டங்களுக்குத்தான் ரசிகர்கள் கைகட்டி நிற்கிறார்கள்.

✦

மறைத்துவிட்ட பூச்சை ஏமாற்ற ஒரு வழி உண்டு. உள்ளே செதுக்குவதற்குப் பதிலாக மேலே ஒட்டுவது! யுவான் காலத்தில் (1271–1368) இது அமர்க்களப்பட்டது. மீனையோ டிராகனையோ தனியாக அச்சில் எடுத்து, கூழ்மண் தடவித் தட்டின் நடுவே ஒட்டி, அதன் மேல் பூச்சு. எவ்வளவு கனமாகப் பூசினாலும் உருவம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

யாரோ ஒரு துணிச்சல்காரர் இன்னொரு படி போனார். ஒட்டிய உருவத்தின் மேல் பூச்சே பூசாமல் விட்டார். லோங்சுவான் மண்ணில் இரும்பு உண்டு. சூளை ஆறும்போது உள்ளே காற்று நுழைய, மூடாத மண் செம்பழுப்பாகச் சிவந்துவிடும். பச்சைக் குளத்தில் செந்நிற டிராகன்! லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பெர்சிவல் டேவிட் தொகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த வகைத் தட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். எனக்கென்னவோ செலடான் வரலாற்றில் இதைவிடத் துடுக்கான யோசனை இல்லை என்று தோன்றுகிறது.

மூன்றாவது வழி, பூச்சில் ஆங்காங்கே இரும்புக் கரைசலைச் சொட்டிவிடுவது. சுட்டு வந்ததும் பச்சையில் பழுப்புத் திட்டுகள். ஜப்பானியருக்கு இது உயிர். அப்படித் திட்டு விழுந்த ஒரு லோங்சுவான் குடுவை ஒசாகாவின் கீழைப் பீங்கான் அருங்காட்சியகத்தில் ஜப்பானின் ‘தேசியப் புதையல்’ என்ற தகுதியோடு இருக்கிறது.

✦

தட்டின் நடுவே ஒன்றையொன்று துரத்தும் இரட்டை மீன்கள். லோங்சுவான் தட்டுகளில் மிகவும் புகழ்பெற்ற உருவம் இதுதான். கணவன்–மனைவி ஒற்றுமையைக் குறிக்கும் மங்கலச் சின்னம். வெளிப்புறத்தில் தாமரை இதழ், உட்புறத்தில் இரண்டு மீன். குழம்போ சாறோ ஊற்றினால் மீன்கள் நிஜமாகவே நீந்துவது போலிருக்கும்.

இந்த மீன் தட்டு எவ்வளவு பிரபலம் என்பதற்கு எகிப்தே சாட்சி. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் மண்ணிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பாண்ட ஓடுகள் எடுத்திருக்கிறார்கள். கூடவே உள்ளூர்க் குயவர்கள் அதே மீனையும் அதே தாமரை இதழையும் பார்த்துச் செய்த போலிகளும் கிடைத்தன. உடைந்த இடத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சீனத்து ஓடு கல் போல இறுகியிருக்கும், எகிப்து ஓடு மாவாக உதிரும். ஈரானிலும் இதே கதைதான்.

✦

யுவான் காலத் தட்டுகள் ஏன் அவ்வளவு பெரியவை? 40 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ளவை சர்வசாதாரணம். சீனர் சாப்பிட்டது சிறு கிண்ணங்களில். மேற்கு ஆசியாவிலோ ஒரே தாம்பாளத்தில் சோற்றையும் இறைச்சியையும் குவித்து, சுற்றி உட்கார்ந்து பலர் கையிட்டு உண்பார்கள். வாங்குகிறவரின் பந்திக்கு ஏற்ப வனைந்து அனுப்பினார்கள் லோங்சுவான்காரர்கள்.

✦

1327-ஆம் ஆண்டு லோங்சுவான் வட்டாரத்து ஜாங் ஜின்செங் என்பவர் இரண்டு பெரிய பூச்சாடிகளைச் செய்து, ஒரு பௌத்தக் கோயிலில் புத்தர் முன் வைக்கக் காணிக்கையாகக் கொடுத்தார். வீட்டார் நலனுக்கான வேண்டுதல், ஊர், பெயர், ஆண்டு எல்லாவற்றையும் சாடியிலேயே பொறித்துவிட்டார். அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற லோங்சுவான் பாண்டங்களின் வயதைக் கணிக்க இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்துவிட்டு வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதும் நம்மூர் உபயதாரர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

✦

லோங்சுவான் சூளைக்குப் பெயர் ‘டிராகன் சூளை’. மலைச்சரிவில் கீழிருந்து மேலாகப் படுத்திருக்கும் நீண்ட குகை அது. பல சூளைகள் 50 மீட்டரையும் தாண்டும். சரிவு என்பதால் வெப்பம் தானே மேலேறும், புகைபோக்கி கட்ட வேண்டியதில்லை. அடிவாயில் தீ மூட்டி, பிறகு பக்கவாட்டுத் துளைகள் வழியாக விறகு போட்டுக்கொண்டே மேலே மேலே போவார்கள். சாம்பலும் புகையும் படாமலிருக்க ஒவ்வொரு தட்டையும் ஒரு சுடுமண் பெட்டிக்குள் வைத்து, பெட்டி மேல் பெட்டியாக அடுக்குவார்கள். ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் சரக்கு. சுடல் கெட்டால் நட்டமும் அதே கணக்கில்தான்.

✦

தட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? மிங் காலத்துப் பெரிய லோங்சுவான் தட்டுகளின் அடியில் செம்பழுப்பாக ஓர் அகன்ற வளையம் இருக்கும். உருளை வடிவ மண்தாங்கியின் மேல் வைத்துச் சுட்டபோது, ஒட்டிக்கொள்ளாமலிருக்க அந்த இடத்தில் பூச்சைத் துடைத்துவிட்டதன் அடையாளம் அது. பாண்டம் வாங்குகிற அனுபவசாலிகள் முகப்பைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பார்ப்பதன் ரகசியம் இதுதான்.

பெரிய சாடிகளில் இன்னொரு தந்திரம். அடிப்பாகத்தைத் திறந்தே விட்டுவிட்டு, சிறு தட்டு ஒன்றை உள்ளே இறக்குவார்கள். சூளையில் பூச்சு உருகி அதைத் தானே பற்றவைத்துக்கொள்ளும்.

✦

1975-இல் தென்கொரியாவின் சினான் கடலில் மீனவர் ஒருவரின் வலையில் செலடான் குடுவை சிக்கியது. மறு ஆண்டு தொடங்கி 1984 வரை கடலடியில் தோண்டினார்கள். 1323-இல் சீனத்தின் நிங்போவிலிருந்து ஜப்பானின் ஹக்காட்டாவுக்குக் கிளம்பிய வணிகக் கப்பல் அது. உள்ளே 20,000-க்கும் மேற்பட்ட பாண்டங்கள். அவற்றில் பாதிக்கு மேல் செலடான், பெரும்பாலும் லோங்சுவான் சரக்கு. 28 டன் செப்புக் காசுகள் வேறு! சரக்கில் கட்டியிருந்த மரச்சீட்டுகளில் ஆண்டும், சரக்குக்குரியவர்களின் பெயரும் எழுதியிருந்தன. கியோட்டோவின் தோஃபுகு-ஜி பௌத்த மடம் அதில் ஒன்று. பெட்டியில் அடுக்கியது அடுக்கியபடியே இருந்த தட்டுகள், 650 ஆண்டு சேற்றுக்குள் கிடந்தும் பச்சை மாறாமல் மேலே வந்தன.

✦

இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையில் 1,300-க்கும் மேற்பட்ட செலடான் பாண்டங்கள் இருக்கின்றன. சீனாவுக்கு வெளியே இவ்வளவு பெரிய செலடான் குவியலைக் காண்பது அரிது. உஸ்மானிய சுல்தான்கள் இவற்றை விரும்பியதற்கு அழகோடு இன்னொரு காரணமும் சொல்வார்கள். நஞ்சு கலந்த உணவை வைத்தால் தட்டு நிறம் மாறும் அல்லது விரிசல் விடும் என்பது மேற்கு ஆசியாவெங்கும் பரவியிருந்த நம்பிக்கை. பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயரால் ‘மர்த்தபானி’ என்று அழைத்த இந்தத் தட்டுகளுக்கு அரண்மனைகளில் தனி கிராக்கி.

உண்மையில் எந்த நஞ்சும் இந்தப் பூச்சை ஒன்றும் செய்யாது. 1,200 டிகிரிக்கு மேல் வெந்த கண்ணாடி அது. தட்டை நம்பிச் சாப்பிட்ட சுல்தானைக் காப்பாற்றியது உணவைச் சுவைபார்க்கும் பணியாளராகத்தான் இருக்கும். இன்று இந்தப் பாண்டங்களைக் காட்சிக்கு வைத்திருப்பதும் அதே அரண்மனையின் சமையற்கூடங்களில்தான்.

✦

ஈரானின் ஷா அப்பாஸ் 1611-இல் அர்தபில் நகரத்துச் சூஃபி அடக்கத்தலத்துக்கு 1,162 சீனப் பாண்டங்களைக் காணிக்கையாகக் கொடுத்தார். பெரும்பகுதி நீல-வெள்ளை, செலடானும் உண்டு. அரசரின் அறக்கொடை முத்திரையைப் பாண்டங்களின் மேல் பொறித்தார்கள். சூளையிலிருந்து வந்து பல தலைமுறை கழித்துச் செதுக்கிய வேலைப்பாடு அது.

✦

உடைந்த கிண்ணம் உடையாத கிண்ணத்தைவிட உயர்ந்ததாகுமா? டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு லோங்சுவான் தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அது ஜப்பானை ஆண்ட ஷோகுன் அஷிக்காகா யோஷிமசாவின் கையில் இருந்தபோது அடியில் விரிசல் விட்டது. இதே போல் வேறொன்று வேண்டும் என்று சீனாவுக்கே அனுப்பினாராம். “இவ்வளவு நல்ல கிண்ணத்தை இப்போது எங்களால் செய்ய முடியாது” என்ற செய்தியோடு, விரிசலுக்கு உலோகத் தையல் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வெளிப்புறத்தில் தத்துக்கிளி உட்கார்ந்திருப்பது போலத் தெரியும் அந்தத் தையல்களாலேயே கிண்ணத்துக்குப் பெயரும் வந்தது, புகழும் கூடியது. 1727-இல் இந்தக் கதையை எழுதிவைத்தவர் அறிஞர் இத்தோ தோகாய். பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசி, ஒட்டுப்போட்டுப் பேரப்பிள்ளை காலம் வரை புழங்கியவர்களுக்கு இந்த மதிப்பீடு புரியும்.

✦

தோற்றுப்போன பச்சைக்கும் காதலர்கள் உண்டு. ஃபுஜியான் மாநிலத்து டோங்ஆன் சூளைகளில் மலிவாகச் சுட்ட கிண்ணங்கள் பல, மஞ்சளும் பழுப்புமாக வெளிவந்தன. சீப்புப் பல்லால் கீறிய வரிகளும் புள்ளிகளுமே அவற்றின் அலங்காரம். இந்தக் கீறலை ஜப்பானியர் பூனை பிறாண்டியதாகச் சொல்வார்கள். எளிமையைத் தேடிய 15-ஆம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் முராதா ஜுகோ இதைத்தான் எடுத்துக் கொண்டாடினார். அவர் பெயரையே இந்த வகைக்கு வைத்துவிட்டார்கள்.

✦

பூவேலை நிறைந்த யுவான் காலத்துத் தட்டுகளை ஜப்பானில் ‘தென்ரியூ-ஜி’ வகை என்பார்கள். கியோட்டோவில் அந்தப் பெயருள்ள மடத்தைக் கட்டப் பணம் போதாமல், 1342-இல் சீனாவுக்கு வணிகக் கப்பல் அனுப்பி லாபம் பார்த்துக் கட்டி முடித்தார்கள். திருப்பணிக்கு நன்கொடைச் சீட்டு அடிப்பதைவிட நல்ல யோசனைதான்.

✦

ஐரோப்பாவுக்கு அப்போது ஒன்றிரண்டு வந்தால் பெரிது. ஜெர்மனியின் காட்ஸனெல்ன்போகன் பிரபு பிலிப், கீழைநாட்டுப் பயணத்துக்குப் பிறகு தன்னிடமிருந்த லோங்சுவான் கிண்ணத்துக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளிக் காலும் மூடியும் செய்து பூட்டினார். காசல் நகர அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயர் வார்ஹம் 16-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜுக்கு விட்டுச்சென்ற செலடான் கிண்ணத்துக்கும் அதே வெள்ளிக் காப்பு. கெய்ரோவில் குப்பையில் போட்ட சரக்கு இங்கே அணிகலனாகிவிட்டது!

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வேறு மரியாதை. ஸ்வாஹிலி ஊர்களின் கல்லறைத் தூண்களிலும் பள்ளிவாசல் சுவர்களிலும் சீனக் கிண்ணங்களைப் பதித்துக் கட்டினார்கள். பல இடங்களில் கிண்ணம் போய்ப் பதித்த குழி மட்டும் இருக்கிறது.

✦

‘ரகசிய நிறம்’ என்று ஒரு பச்சை இருந்தது. தாங் அரச மரபின் காலத்தில் அரசவைக்கென்று யுவே சூளைகள் சுட்டது. பெயர் மட்டும் நூல்களில் இருந்ததே தவிர, எது அந்த நிறம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. 1981-இல் ஷான்சியின் ஃபாமன் கோயில் ஸ்தூபி மழையில் பாதி சரிந்தது. திருப்பிக் கட்ட அடித்தளத்தைத் தோண்டியபோது, 1987-இல், கி.பி. 874-இல் அடைத்த நிலவறை திறந்தது. உள்ளே பொருட்பட்டியல் பொறித்த கல். அதில் ‘ரகசிய நிறப் பாண்டங்கள்’ என்று எழுதியிருக்க, பக்கத்திலேயே பாண்டங்களும் இருந்தன. ஆயிரம் ஆண்டு விவாதம் ஒரு சரக்குப் பட்டியலால் முடிந்தது. கணக்கெழுதுகிறவர்களைக் குறைவாக நினைக்காதீர்கள்.

✦

செலடான் குடும்பத்தில் விலை உச்சம் தொட்டது ‘ரூ’ வகை. வட சோங் அரசவைக்காக இருபது ஆண்டு அளவுக்கே சுட்டார்கள். உலகில் மிஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு. 2017 அக்டோபரில் ஹாங்காங் ஏலத்தில் 13 சென்டிமீட்டர் அகலமுள்ள, தூரிகை கழுவும் சிறு தட்டு ஒன்று 29.43 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. அதில் பூவேலை கிடையாது, பூச்சும் நுண்விரிசலும்தான். அந்த விரிசல் மண்ணும் பூச்சும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருவது. முதலில் குறையாக இருந்ததைப் பின்னால் வேண்டுமென்றே வரவழைத்தார்கள்.

✦

மிங் அரசவையும் லோங்சுவானை விடவில்லை. பேரரசுக்கான பாண்டங்களை ஜிங்தேஜென் பகுதியிலும் லோங்சுவான் பகுதியிலும் சுடலாம் என்று 1393-ஆம் ஆண்டு விதி ஒன்று சொல்கிறது. 2006–07-இல் லோங்சுவானின் தாயாவ் பகுதிச் சூளையைத் தோண்டியபோது அரசவைத் தரப் பாண்டங்கள் வந்தன. ஜிங்தேஜெனில் நீலத்தில் தீட்டிய அதே பூக்கொடிகளை இங்கே பச்சைக்கு அடியில் செதுக்கியிருந்தார்கள். ஆனால் காலம் நீலத்தின் பக்கம் திரும்பிவிட்டது. கடல் வணிகத் தடையும் சேர்ந்துகொள்ள, லோங்சுவான் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இடைவெளியில் தாய்லாந்தின் சவன்கலோக் குயவர்கள் பச்சைத் தட்டு சுட்டு அந்தச் சந்தையில் புகுந்தார்கள்.

1957-இல் பிரதமர் சூ என்லாய் சொல்லி லோங்சுவான் தொழிலை மீட்டெடுத்தார்கள். 2009-இல் இந்தச் சூளைக் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

✦

தமிழகத்துக்கு இந்தத் தட்டுகள் வந்ததுண்டா? தாராளமாக. சீனத்துச் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. பீங்கான் ஏற்றுமதியின் பெரிய வாசல்களில் ஒன்று அந்த ஊர்தான். இந்தப் பக்கம் ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது, லோங்சுவான் பச்சை ஓடுகள் உட்படச் சீன ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்த ஓடுகளை வைத்தே நம் கரையின் கடல் வணிகத்தை விரிவாக எழுதினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் பழையகாயலிலும் சீன ஓடுகள் உண்டு. யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் 1977-இல் ஜான் கார்ஸ்வெல் அகழ்ந்தெடுத்தவை, தென்சீனச் சூளைகளின் 11, 12-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

நம்மிடம் கிடைத்தவை பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் துண்டுகள். ஆனால் ஒரு தாமரை இதழின் ஓரமோ மீன் வாலோ இருந்தால் போதும், எந்தச் சூளை, எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடுவார்கள். சொல்ல முடியாமல் போவது, துண்டு எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியாதபோதுதான். எனவே கடலோர ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்குப் பிறகு மேட்டிலோ கரையிலோ பளபளவென்று பச்சை ஓடு கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.